மனமுவந்து

பன்னிரண்டாம் கேள்விக்குப் பதில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கோதாவரிப் பக்கம் ஏதோ ஒரு பாலத்துச் சுங்கச்சாவடி. அதைக் கேட்டிருந்த ஜமீன்தார் தமக்கு வந்த பதிலைத் தாமே காதில் வாங்காமல் பொடி டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கோட்டைக்குள் அந்த நீண்ட மண்டபம் மாசி மாதத்துக் காலை பதினொன்றரைக்கே வெந்துகொண்டிருந்தது. பங்கா ஆடாமல் இல்லை. ஆனால் அதன் காற்று முழுவதும் தலைவருடைய நாற்காலிக்கும் அவருக்கு வலப்பக்கம் வரிசையாக உட்கார்ந்திருந்த துரைமார்களுக்கும் போய்விட்டு, மேஜையின் இந்தக் கோடிக்குக் கயிற்றின் கிரீச்சொலி மட்டுமே வந்து சேர்ந்தது. திருநெல்வேலி வக்கீல் குற்றாலலிங்கம் பிள்ளையின் தலைப்பாகைக்குள்ளிருந்து வியர்வைத் துளி ஒன்று புறப்பட்டுக் காதோரமாக இறங்கியது. துடைப்பதில்லை என்று ஒரு வீம்பு. துடைத்தால் எதிரே இருக்கிற ரெவின்யூ மெம்பர் பார்ப்பான்; இந்த ஆள் பயந்திருக்கிறான் என்று நினைப்பான். பயம் என்ன பயம். ஐம்பத்துமூன்று வயதில், இருபத்தெட்டு வருஷம் கோர்ட்டில் தொண்டை வறண்டவனுக்குப் பயமா? இது கோபம். கோபத்திலும் வியர்க்கத்தான் செய்யும். சட்டசபையாம். ஜில்லா போர்டுகளெல்லாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய மனுஷன் இங்கே வந்து செய்யக்கூடியது ஒரே ஒரு காரியம்: கேள்வி கேட்கலாம். அதையும் வாய் திறந்து கேட்க முடியாது. பத்து நாளைக்கு முன்னாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். நம்பரைச் சொல்லி எழுந்து நிற்க வேண்டும். அவர்கள் அச்சடித்து வைத்திருக்கும் பதிலை வாசிப்பார்கள். அந்தப் பதிலின் மேல் இன்னொரு கேள்வி, ஒரு வார்த்தை, ஒரு 'ஆனால்', கூடாது. விதி. உட்கார வேண்டியதுதான். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மாட்டுத் திருடனுக்கு ஆஜராகிறவன்கூடச் சாட்சியைக் குறுக்கே ஒரு கேள்வி கேட்கலாம். ராஜதானியின் சட்டசபையில் கனம் அங்கத்தினருக்கு அந்த யோக்கியதை கிடையாது. கனம்! எத்தனை கனம் என்று இந்தக் கோட்டுக்குத்தான் தெரியும்.

அவருடைய கேள்வி பதினான்காவது. அச்சடித்த தாள் முன்னால் இருந்தது. அவர் எழுதிக் கொடுத்தது ஒன்று, இங்கே அச்சாகி இருப்பது ஒன்று. சென்ற கார்த்திகையில் ஆலடிக்குளத்துக் கரை உடைந்தபோது, தாசில்தாரின் உத்தரவு என்று சொல்லி, சேரியிலிருந்து நான்கு பேரை இழுத்துக்கொண்டுபோய் உடைப்பில் இறக்கினார்கள், நான்கு பேரும் செத்தார்கள், இதற்கு யார் ஜவாப்தாரி என்று அவர் எழுதியிருந்தார். காரியதரிசியின் ஆபீசிலிருந்து தலைமைக் குமாஸ்தா ஒருவர் அவர் தங்கியிருந்த இடத்துக்கே வந்துவிட்டார். எவ்வளவு மரியாதை, எவ்வளவு பணிவு. பென்சிலால் லேசாக, வலிக்காதபடி அடித்துக் காட்டினார். 'இழுத்துக்கொண்டுபோய்' என்பது வேண்டாம், 'அழைத்துச் சென்று' என்று இருக்கட்டும், அதுதான் சபைக்கு ஏற்ற பாஷை என்றார். பெயர்கள் எதற்கு, 'சில கூலியாட்கள்' போதாதா என்றார். கடைசியில் 'செத்தார்கள்' என்பதன் மேல் பென்சிலை வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கி, "உயிரிழந்ததாகச் சொல்லப்படும், என்று போட்டுவிடலாமுங்களா?" என்றார். சொல்லப்படும். நான்கு பிணத்தை நெல்வயல் சேற்றிலிருந்து மூங்கிலால் குத்தி எடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவனுக்குக் கையில் இன்னும் முளைக்குச்சி இருந்தது, விரலைப் பிரிக்க முடியாமல் அதோடேயே புதைத்தார்கள். சொல்லப்படுமாம். அன்றைக்கே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டாமோ? கிழிக்கவில்லை. திருத்தத்துக்குச் சம்மதிக்காவிட்டால் கேள்வியே அனுமதிக்கப்படாது என்று குமாஸ்தா சொன்னதும், சரி, போடும் என்று தலையசைத்தார். தலையசைப்பதில் இந்தத் தலைக்கு எவ்வளவு பழக்கம். ஒரு வார்த்தையை எடுக்கிறான், தலையசைப்பு. இன்னொன்றை எடுக்கிறான், தலையசைப்பு. கடைசியில் கேள்வி என்று ஒன்று மிஞ்சியதே பெரிது. வேம்பன், சங்கிலி, பிச்சாண்டி, ஊமையன் என்று நான்கு பெயர். நான்கும் போய் 'சில'. அந்தச் 'சில' என்கிற எழுத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அது மெல்ல மெல்ல எழுத்தாகவே தெரியாமல் ஒரு பூச்சியாகிவிடுகிறது.

வேம்பனின் பெண்சாதி மாடத்திதான் வந்தவள். பாளையங்கோட்டையில் அவருடைய வீட்டுக்கு, கார்த்திகை கழிந்து மார்கழி பிறந்து, ஒரு நாள் காலையில். சேரியிலிருந்து பதினோரு மைல் நடந்து வந்து தெருவாசலுக்கு வெளியே, வேலி ஓரமாக, யாராவது பார்க்கட்டும் என்று நின்றிருந்தாள். அவர் ஆபீஸ் அறை ஜன்னல் வழியாகத்தான் பேசினார். உள்ளே வா என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொல்லுகிற வழக்கம் இல்லை, அவ்வளவுதான், அவளும் எதிர்பார்க்கவில்லை. இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நினைக்கும்போது அது முள்ளாகக் குத்துகிறதே, அன்றைக்குக் குத்தவில்லையே. ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் இருபது அடி தள்ளி வெயிலில் அவள். நஷ்டஈடு கேட்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தார். தாசில்தாருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போய்விடுவாள் என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டார். அவள் அதைக் கேட்கவில்லை. புருஷனுக்கு அன்று மூன்றாம் நாள் காய்ச்சல், பாயோடு கிடந்தான், சேவகன் வந்து காலைப் பிடித்து இழுத்தான், தான் நடுவில் விழுந்து மறித்ததற்குத் தோளில் தடியால் ஒன்று விழுந்தது, எல்லாவற்றையும் அழாமல் ஒரே சுரத்தில் சொன்னாள். பிறகு, "அவுக போனது போயிட்டாவ, சாமி. நான் அதுக்கு வரல. அவுகளாத்தான் இஷ்டப்பட்டு எறங்குனாவன்னு தாலுகா கச்சேரியில எழுதி வச்சிருக்காவளாம். அது எப்படி எழுதலாம்? காய்ச்சக்காரன் இஷ்டப்பட்டு வெள்ளத்துல எறங்குவானா? அந்த எழுத்தை மட்டும் அழிச்சுத் தாங்க," என்றாள். எழுத்தை அழிக்க வேண்டுமாம். எழுத்தென்றால் என்ன என்று அவளுக்குத் தெரியுமா, அது எப்படிப்பட்ட கல் என்று தெரியுமா? ஆனாலும் எல்லாவற்றையும் விட்டு அதைக் கேட்கத் தெரிந்திருக்கிறதே. அவர் முன்சீப் கோர்ட்டில் அவளுக்காக வழக்குப் போட்டார். ஒரே மாதத்தில் விசாரணைக்கே எடுக்காமல் தள்ளிவிட்டார்கள். அப்பீலுக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. அதற்கு முன் சட்டசபையில் கேட்டுச் சர்க்கார் வாயாலேயே விசாரணைக்கு ஒரு வார்த்தை வாங்கிவிட்டால், அப்பீல் கோர்ட்டு அதைத் தட்ட முடியாது என்று கணக்குப் போட்டார். நல்ல கணக்குத்தான்.

பதின்மூன்றாம் கேள்வி: உதகமண்டலத்துக் குதிரைப் பந்தய மைதானம். அதற்கு மட்டும் எவ்வளவு நீண்ட பதில், எவ்வளவு கரிசனம். குற்றாலலிங்கம் பிள்ளை காலைப் பூட்ஸுக்குள் அசைத்தார். சுண்டுவிரல் மரத்துப் போயிருந்தது. இந்தப் பூட்ஸும் கோட்டும் அவருடைய ஊர் வழியனுப்பி வைத்த பெருமை. கடையம் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்து, ஜில்லா கோர்ட்டில் மொழிபெயர்ப்புக் குமாஸ்தாவாக ஐந்து வருஷம் சாட்சிக்காரனின் தமிழை ஜட்ஜ் துரைக்கு இங்கிலீஷாக்கிக் கொடுத்து, வெயிற்காலத்து விடுமுறைகளில் படித்து வக்கீல் பரீட்சை தேறி, முனிசிபாலிட்டி உபதலைவராகி, ஜில்லா போர்டு மெம்பராகி, கடைசியில் தெற்கத்தி ஜில்லாக்களின் ஓட்டில் ஜெயித்துச் சட்டசபைக்கு வந்த மனுஷர். ஸ்டேஷனில் ரயில் புறப்படும்போது நாதஸ்வரம். ரயிலடியில் மூன்றாம் வகுப்புக்காரருக்கு நிழற்கொட்டகை இல்லை, மழையிலும் வெயிலிலும் பெண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள், எப்படியாவது கேட்டு வாங்கிக் கொடுங்கள் என்று ஊர்ப் பெரிய மனுஷர்கள் எல்லாரும் கூடிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது பதினேழாம் கேள்வி. அதற்குப் பதில் அனுகூலமாக வரும் என்று அந்தக் குமாஸ்தாவே காதோடு சொல்லியிருந்தார். கொட்டகை கொடுப்பார்கள். தாராளமாகக் கொடுப்பார்கள். நாலு தூணும் ஒரு தகரமும். ஊரே கொண்டாடும், அடுத்த தேர்தலில் எதிரே நிற்க ஆளிருக்காது. அது மட்டுமா? சப் ஜட்ஜ் உத்தியோகத்துக்கு அவர் பெயர் போயிருப்பதாகச் சேலத்து ரங்கவிட்டல ராவ் போன வாரம்தான் சொன்னார். அந்த ராவ் இதோ பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். நல்ல மனுஷர், சட்டம் தெரிந்தவர், சபையில் மூன்று வருஷமாக இருந்து ஒரு தடவைகூட யாருக்கும் மனஸ்தாபம் வராமல் பார்த்துக்கொண்டவர். இந்தப் பெருமையெல்லாம் எப்போது ஆரம்பித்தது? எந்த வழக்கில்? எல்லாருக்கும் தெரியும், ஜில்லா முழுவதும் தெரியும். ஆனால் அந்த இடத்துக்கு வந்ததும் மனசு நொண்டுகிறது. கல்லில் தடுக்கின கால்போலத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுகிறது. கொட்டகை. தகரம் போட்டால் கோடையில் வேகும், ஓடு போடச் சொல்ல வேண்டும்.

"பதினான்கு," என்றார் தலைவர். குற்றாலலிங்கம் பிள்ளை எழுந்து நம்பரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ரெவின்யூ மெம்பர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டான். நாற்பது வயது இருக்கும், சிவந்த கழுத்து, நிதானமான குரல். வாசிப்பதில் அவனுக்கு ஒரு சுகம் இருந்தது. சம்பந்தப்பட்டவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டதாகச் சர்க்காருக்குத் தகவல் இல்லை. இதை எதிர்பார்த்திருந்தார். தாசில்தாரின் நடவடிக்கை துரிதமானது, மெச்சத்தக்கது. இதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். அடுத்து அவன் தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, நல்ல ஒரு பாட்டின் பல்லவியை எடுக்கிறவனைப் போல நிறுத்தி, வாசித்தான்: குளக்கரை ஆபத்தில் இருக்கும் காலத்தில் அவ்வூர்ச் சேரியார் கரையில் இறங்குவது ஞாபகத்துக்கு எட்டாத காலந்தொட்டு வரும் வழக்கம். "தகப்பன் வயலுக்கு மகன் இறங்குவது போல அவர்கள் மனமுவந்தே இறங்குகிறார்கள், என்று இந்த ஊரைப் பற்றியே திருநெல்வேலி ஜில்லா கோர்ட்டு இருபத்துமூன்று வருஷத்துக்கு முன் தீர்த்திருக்கிறது. ஆகையால் விசாரணைக்கு இடமில்லை." கண்ணாடியைக் கழற்றினான். வலப்பக்கத்து வரிசையில் யாரோ நல்ல வாசகம் என்கிற பாவனையில் தலையை அசைத்தார்கள்.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. மண்டபம் அப்படியேதான் இருந்தது. காதுக்குள் மட்டும் ஒரு சீழ்க்கை. பிறகு, இவனுக்கு எவ்வளவு திமிர் என்று கோபம் வந்தது; அந்தக் கோபம் மேஜையின் அந்தக் கோடி வரைக்கும் ஓடிப்போய், அங்கே நிற்க இடமில்லாமல் திரும்பி வந்து அவர்மேலேயே விழுந்தது. ஏனென்றால் அந்த வாசகம் ஜட்ஜுடையது அல்ல, ரெவின்யூ மெம்பருடையதும் அல்ல. அது குற்றாலலிங்கம் பிள்ளையுடையது. முப்பது வயதில், மொழிபெயர்ப்புக் குமாஸ்தா வேலையை உதறிவிட்டு வக்கீலாகி ஐந்தாம் வருஷம், வந்த முதல் பெரிய அப்பீலில் ஒரு ராத்திரி முழுக்க அடித்து அடித்து எழுதி இழைத்த வாசகம். இங்கிலீஷில் அதற்கு ஒரு தாளம் இருந்தது. ஜட்ஜ் துரை அதை எடுத்து அப்படியே தீர்ப்பில் வைத்துக்கொண்டார். அதற்காக ஊர் கூடிப் பாராட்டினார்கள். தாது வருஷப் பஞ்சத்துக்கு முந்திய வருஷம் அது. ஆலடிக்குளத்துச் சேரியார் பூலான் என்கிற கிழவனை முன்னே நிறுத்தி, கூலியில்லாமல் எங்களைக் கரையில் இறக்க யாருக்கும் பாத்தியதை இல்லை என்று வழக்குப் போட்டு, முன்சீப் கோர்ட்டில் ஜெயித்தும் விட்டார்கள். மிராசுதார் அனவரதம் பிள்ளை அப்பீலுக்கு இவரைத் தேடி வந்தார். ஆதாரம் வேண்டுமே என்று இவர் கேட்டார். நாலாம் நாள் ஓர் ஓலைச்சுவடி வந்தது. ஊர்ப் பழைய வழக்கமெல்லாம் எழுதியது, நிஜமாகவே பழைய சுவடி, பூச்சி அரித்த ஓரம். நடுவில் ஓர் ஓலையில் ஒரு வரி. சேரியார் மனமுவந்து இறங்கக் கடவது. அந்த வரியின்மேல் இவர் விரலை வைத்து ஓட்டினார். மற்ற வரிகளில் ஒன்றும் ஒட்டவில்லை. இந்த வரியில் மட்டும் விரல் நுனியில் விளக்குக் கரி கருப்பாக ஒட்டியது. புதுக்கீறல், அதில் பூசிய புதுக்கரி. அனவரதம் பிள்ளை வெற்றிலையை மென்றபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். இவர் விரலை வேஷ்டியின் உட்பக்கத்தில் துடைத்துக்கொண்டு, "சரி, ஆதாரம் இருக்கிறது," என்றார்.

சரி என்றார். யார் கட்டாயப்படுத்தினார்கள்? பாயிலிருந்து காலைப் பிடித்து இழுத்தார்களா? தோளில் தடி விழுந்ததா? கோர்ட்டில் அந்த வரியை வாசித்தபோது பூலான் கூண்டுக்குள்ளிருந்து ஏதோ சொல்ல வேண்டும் என்று கையைத் தூக்கினான். ஜட்ஜ் அனுமதித்தார். "எங்க சேரியில எழுதப் படிக்க ஒருத்தனுக்கும் தெரியாது. எங்க மனசு உவந்ததை எங்களுக்குப் பதிலா யாரு எழுதுனது?" என்றான். அப்படித்தான் சொன்னான், ஒரு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது, தெளிவான குரல். மொழிபெயர்ப்புக் குமாஸ்தா, இவர் விட்டுவந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த புதுப் பையன், திணறினான். பிறகு, தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று சாட்சி ஒப்புக்கொள்கிறான் என்று மட்டும் இங்கிலீஷில் சொன்னான். முழுதும் சொல்லவில்லை என்று அந்த மண்டபத்தில் எவரைவிடவும் நன்றாகத் தெரிந்த ஆள் குற்றாலலிங்கம் பிள்ளை. ஐந்து வருஷம் அதே வேலை பார்த்தவர். எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதிர்க்கட்சிக்காரனின் சாட்சி எனக்கு என்ன என்று தாளைப் புரட்டினார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தீர்ப்பின் நகலைப் பெண்சாதி வடிவம்மாளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார், அந்த வாசகத்தை இரண்டு தரம். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "தகப்பன் வயல்னா வெளைஞ்சதுல மகனுக்குப் பங்கு உண்டுல்லா? இவங்களுக்கு என்ன பங்கு போட்டாவ?" என்றாள். உனக்கென்ன தெரியும் சட்டம் என்று எரிந்து விழுந்து, எட்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தார். அவள் கேட்டதற்கு ஜில்லா கோர்ட்டிலிருந்த ஒருவனிடமும் பதில் இல்லை என்பதுதான் கோபம். மறு வருஷமே பஞ்சம். பூலான் கஞ்சித்தொட்டிக்குப் போகிற வழியில் செத்தான் என்று கேள்விப்பட்டார். கேள்விப்பட்டு, அடடா என்றார். அடடா! அதற்குப் பிறகு இருபத்துமூன்று வருஷம் எத்தனை மேடையில் குடியானவனின் கஷ்டம், கூலிக்காரனின் கண்ணீர் என்று பேசியிருக்கிறார், பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார். ஒரு தடவையாவது அந்த ஓலை நினைவுக்கு வந்ததா? வந்தது. வராமல் இருக்குமா. வந்தபோதெல்லாம், நான் எழுதவில்லையே, எழுதியவன் வேறு, வக்கீல் கட்சிக்காரன் கொடுத்ததைத் தாக்கல் செய்கிறவன்தானே என்று அவரே அவருக்கு ஆஜராகி அவரே தீர்ப்பும் சொல்லிவிடுவார். மாடத்தி ஆலடிக்குளம் என்று சொன்னபோதே தெரியும். முன்சீப் கோர்ட்டில் வழக்கை எதைக் காட்டித் தள்ளினார்கள் என்று தீர்ப்பைப் புரட்டினாலே தெரிந்திருக்கும். கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்தார். ஏன் மூடினார்? ஏன் என்று இப்போதுதான் தெரிகிறதா?

பதினைந்து. பதினாறு. கடற்கரையில் உப்பு டிப்போ, தென்னார்க்காட்டில் சாலை. பதில்கள் ஓடிக்கொண்டிருந்தன. குரல்கள் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதாக இருந்தது. ரங்கவிட்டல ராவ் சாய்ந்து, "பிள்ளைவாள், முகம் சரியில்லையே. தண்ணி கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்றார். வேண்டாம் என்று கையசைத்தார். அந்த மெம்பருக்குத் தெரியுமோ? வழக்கைத் தேடியெடுத்த ஏதோ ஒரு குமாஸ்தா, அதில் வக்கீலின் பெயரும் அச்சாகியிருப்பதைப் பார்த்திருக்க மாட்டானா? பார்த்துச் சிரித்திருப்பார்கள். கேள்வி கேட்டவனின் வாயை அவன் வார்த்தையாலேயே அடைத்துவிட்டோம் என்று கோட்டைக்குள் ஒரு மத்தியானம் முழுக்கச் சிரித்திருப்பார்கள். அல்லது யாருக்குமே தெரியாமலும் இருக்கலாம். அதுதான் இன்னும் பயங்கரம். யாரும் ஏவாமல், யாரும் சதி செய்யாமல், அவர் அன்றைக்குப் போட்ட வாசகம் தானாக உருண்டு வந்து நான்கு பேரை அமுக்கிவிட்டு அவர் காலடியில் நிற்கிறது. உடைப்பில் இறக்கிய சேவகனுக்கு அது தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் காய்ச்சல்காரனை இழுக்க அவனுக்கு எங்கிருந்து தைரியம் வரும்? வழக்கம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டதே என்று ஒவ்வொரு மழைக்காலமும் ஒருத்தனுக்கு ஒருத்தன் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். எத்தனை மழைக்காலம்! எழுந்திருக்க வேண்டும். எழுந்து பேச விதி இடம் தராது. விதி இடம் தராது என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது, பார், அந்த நிம்மதி, அதன் கழுத்தைத் திருக வேண்டும் போலிருந்தது. அப்பீலில் பார்த்துக்கொள்ளலாம். வேறு வக்கீலிடம் கொடுத்துவிடலாம். உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போகலாம். சப் ஜட்ஜ் ஆனபின் எவ்வளவோ நல்லது செய்யலாம். எவ்வளவு லட்சணமாக வரிசையில் வந்து நிற்கின்றன காரணங்கள், கோட்டுப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒரு கனம் அங்கத்தினர்.

"பதினேழு," என்றார் தலைவர்.

குற்றாலலிங்கம் பிள்ளை எழுந்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நம்பரைச் சொல்ல வேண்டியதுதான், கொட்டகை வந்துவிடும். ரயில்வே சம்பந்தமான மெம்பர் பதிலைக் கையில் எடுத்துப் புன்சிரிப்போடு காத்திருந்தார். "பதினேழாம் கேள்வியை நான் கேட்கவில்லை," என்றார். தம்முடைய குரல் இவ்வளவு மெல்லியதா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு கோர்ட்டுக் குரல் வந்தது. "பதினான்காம் கேள்விக்குக் கொடுத்த பதிலில் ஒரு தீர்ப்பு வாசிக்கப்பட்டது. அந்த அப்பீலில் மிராசுதாருக்கு ஆஜரான வக்கீல் நான். அந்த வாசகம் நான் எழுதியது. அதற்கு ஆதாரமாகக் காட்டிய ஓலையில் அந்த வரி புதிதாகச் சேர்த்தது. தாக்கல் செய்யும்போதே எனக்குத் தெரியும். செத்தவர்கள் யாரும் மனமுவந்து இறங்கவில்லை. அவர்கள் பெயர் வேம்பன், சங்கிலி," என்பதற்குள் தலைவர் மணியைத் தட்டினார். கனம் அங்கத்தினர் விதிக்குப் புறம்பாகப் பேசுகிறார் என்றும், தயவுசெய்து உட்கார வேண்டும் என்றும், சொன்னது எதுவும் குறிப்பில் ஏறாது என்றும் தலைவர் கோபமில்லாமல், ஒரு நோயாளியிடம் பேசுவதுபோல் சொன்னார். பிச்சாண்டி, ஊமையன் என்று மணிச் சத்தத்துக்குள்ளேயே சொல்லி முடித்தார். யாருக்குக் கேட்டதோ. சுவரோரமாக உட்கார்ந்து சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்தவனைப் பார்த்தார். அவன் பேனா தாளைவிட்டு ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. அப்போதுதான் அவருக்கு உண்மையான கோபம், அன்று காலை முதல் வந்ததெல்லாம் அதற்கு ஒத்திகை என்பதுபோல், உச்சந்தலை வரைக்கும் ஏறியது. பொய் சொன்னபோது ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டீர்களே! கண்ணில் ஒற்றிக்கொண்டு தீர்ப்பில் வைத்தீர்களே, இருபத்துமூன்று வருஷம் பத்திரப்படுத்தி இன்றைக்கு எடுத்து வாசித்தீர்களே. உண்மைக்கு மட்டும் மை இல்லையா? "பதினெட்டு," என்றார் தலைவர்.

அவர் உட்காரவில்லை. அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, அச்சடித்த தாளை மேஜைமேல் அப்படியே விட்டுவிட்டு, நாற்காலிகளுக்குப் பின்புறமாக நடந்தார். ரங்கவிட்டல ராவ் பின்னாலேயே வராந்தா வரைக்கும் ஓடி வந்துவிட்டார்; மூன்று வருஷத்தில் அவர் சபை நடுவில் எழுந்தது அதுதான் முதல் தடவை. எங்கே போகிறீர் என்று கேட்டார். அபிடவிட் கொடுக்க என்றார் பிள்ளை. சட்டசபைக் குறிப்பில் ஏறாததை மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால், அதை வாங்கமாட்டேன் என்று சொல்ல எந்தக் கோர்ட்டாலும் ஆகாது; அப்பீலோடு அதைச் சேர்த்துப் போடலாம். ராவ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வக்கீல் சன்னது போயிடும், பிள்ளைவாள். ஜெயிலுக்குக்கூட அனுப்புவா. நாலு நாள் பொறுத்து யோசிச்சுப் பாருங்கோ," என்றார். நிஜமான பிரியத்தோடுதான் சொன்னார். பிள்ளைக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நாலு நாள் யோசித்தால் தாம் போகமாட்டோம் என்று மட்டும் தெரிந்தது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு படியிறங்கினார்.

கோட்டைக்கு வெளியே பட்டணத்துப் பக்கம் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டு இருந்தது. வெயிலில் நடந்தே போனார். நடக்க நடக்க வடிவம்மாளுக்கு என்ன எழுதுவது என்று ஒரு வரி கிடைக்காமல் மனசு திரும்பத் திரும்ப அதையே சுற்றியது. கோர்ட்டில் கூட்டமில்லை. அபிடவிட் எழுதும் குமாஸ்தா வயதானவர், காதில் பேனாவைச் செருகியிருந்தார். இவருடைய தலைப்பாகையையும் கோட்டையும் பார்த்துவிட்டு எழுந்து நின்று பெஞ்சியைக் காட்டினார். புதுத் தாள் எடுத்து, மையைத் தொட்டு, பெயர் கேட்டார், தகப்பனார் பெயர் கேட்டார், வயசு கேட்டார், ஊர் கேட்டார். ஒவ்வொன்றையும் நிதானமாக எழுதினார்.

"தொழில்?"

"வக்கீல்," என்றார் குற்றாலலிங்கம் பிள்ளை. பேனா அந்த வார்த்தையை முடித்ததும், "இன்று வரைக்கும்," என்றார்.

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.